ஐந்து மணி நேரம் மிதக்கும் கல்

புது வீடு கட்டும் இடத்தில் சமையல் மேடைக்கு கிரானைட் பலகை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்த கட்டிங் மெஷினின் பிளேடு கல்லைத் தொட்டதும் காது கூசும் சத்தத்தோடு ஒரு வெள்ளை மேகம் கிளம்பும். அறுப்பவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருப்பார். புருவம், இமை, காதோர முடி எல்லாம் வெளுத்திருக்கும். மெஷினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் மேகம் அடங்கிவிடும். அவர் துண்டை அவிழ்த்து உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே அறையில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

அறுக்கும் நேரத்தைவிட அந்த டீ குடிக்கும் நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏனென்றால் மேகம் அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும்தான் அடங்கியிருக்கிறது.

கல் தூளில் பல அளவுத் துகள்கள் கலந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள கல் துகள் காற்றில் எழும்பினால் சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகள், நிற்கும் ஆளின் மூக்கு உயரத்திலிருந்து, அதாவது சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து, அசையாத காற்றில் தரையைத் தொட மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு மைக்ரான் அளவுள்ள துகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து மணி நேரம். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த விதியை வைத்து யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது விழும் வேகம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. அசையாத காற்று என்பதும் ஏட்டுக் கணக்குதான். ஆள் நடமாட்டமும் ஜன்னல் காற்றும் இருக்கும் அறையில் அந்தத் துகள் தரைக்கு வர இன்னும் நேரமாகும்.

சுமார் 50 மைக்ரானுக்குக் கீழே போனால் தனித் துகளைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்படிக் கண்ணுக்கு எட்டும் கடைசித் துகள் ஒன்றை எடுத்து ஒரு மைக்ரான் துகள்களாக உடைத்தால் 1,25,000 துகள்கள் கிடைக்கும். நுரையீரலின் அடியாழம் வரை போவது இவைதான்.

பெரிய தூசியைத் தடுக்க உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை மூக்கு மயிரிலும், மூக்குக்குள் இருக்கும் வளைவுகளிலும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. அதைத் தாண்டியவை மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடங்களில் சளிப்படலத்தில் சிக்குகின்றன. அந்தப் படலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, சளியை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. தூசி வேலை முடிந்த மறுநாள் காலையில் காறித் துப்பும் சளியில் வருவது இப்படி மேலே வந்த தூசி. அதைப் பார்த்து, உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். வந்தது பெரிய தூசி. தூசி வேலை செய்பவர்களுக்கு வெல்லம் கொடுக்கும் வழக்கமும் நாட்டில் பல இடங்களில் உண்டு. வெல்லம் போவது உணவுக்குழாய் வழியாக. நுரையீரலின் ஆழத்தில் கிடக்கும் கல்லை அது தொடுவதில்லை.

அந்த ஆழத்தில் இருப்பவை காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர், அதாவது சுமார் 750 சதுர அடி வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. ஆக்சிஜன் ஊடுருவிப் போக வேண்டிய இடம் என்பதால் அங்கே சளியும் கிடையாது, நுண்மயிரும் கிடையாது. காவலுக்கு மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் மட்டும் நுண்ணறையின் உட்சுவரில் ஊர்ந்து திரிகின்றன. கிருமியோ தூசியோ எது வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கும். விழுங்கியதை லைசோசோம் என்ற சிறு பையில் அடைத்து, அமிலத்தையும் நொதிகளையும் ஊற்றிக் கரைக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிருமிகளோடு போராடித் தேர்ந்த முறை இது. சமையல் கரியும் வண்டிப் புகைக் கரியும் கரையாவிட்டாலும், ஓரளவு அடங்கி அந்தச் செல்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடக்கும். நகரத்தில் வாழ்ந்தவர்களின் நுரையீரலில் கறுப்புப் புள்ளிகள் இருப்பது அதனால்தான்.

கிராமங்களில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா, அப்படி அடங்கிக் கிடப்பதில்லை. அதை விழுங்கிய செல்லில் லைசோசோம் பையின் சுவர் கிழிகிறது. உள்ளே இருந்த அமிலமும் நொதியும் செல்லுக்குள்ளேயே கொட்டுகின்றன. 2008ஆம் ஆண்டில் பல ஆய்வுக்கூடங்கள் ஒரே சமயத்தில் அடுத்த கட்டத்தைக் கண்டுபிடித்தன. பை கிழிந்ததை என்எல்ஆர்பி3 என்ற புரத அமைப்பு உணர்கிறது. உணர்ந்ததும் இன்டர்லூக்கின்-1 என்ற அபாயச் செய்தியை வெளியே அனுப்புகிறது. செய்தி கேட்டு மேலும் செல்கள் ஓடிவருகின்றன. அக்கம்பக்கத்துச் செல்கள் காயத்தை மூடுவதற்காக கொலாஜன் நார்களைப் பின்னத் தொடங்குகின்றன. இதற்கிடையில் முதலில் விழுங்கிய செல் செத்துப்போகிறது. அதன் உடல் உடைய, கல் துகள் கொஞ்சமும் தேயாமல் வெளியே வருகிறது. அடுத்த மேக்ரோபேஜ் வந்து அதே துகளை விழுங்குகிறது. அதுவும் சாகிறது.

ஒரு துகள், ஒரு தடவை உள்ளே போனது, எத்தனையோ செல்களை அடுத்தடுத்துக் கொல்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் நார் சேர்கிறது. சுற்றுச்சுற்றாகப் பின்னிய கெட்டியான சிறு முடிச்சுகள் நுரையீரலெங்கும் உருவாகின்றன. முடிச்சு விழுந்த இடம் விரியாது, சுருங்காது, ரத்தத்துக்கு ஆக்சிஜனையும் தராது. சிலிக்கோசிஸ் என்ற நோய் இதுதான்.

அப்படியென்றால் கடற்கரை மணலும் சிலிக்காதானே, அதில் விளையாடும் குழந்தைகளுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? முதல் காரணம், மணல் துகள் பெரியது, மூச்சுக்குள் போகாது. இரண்டாவது காரணம் இன்னும் வியப்பானது. கல்லின் தன்மை அது எப்போது உடைந்தது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. உடையாமல் தானாக வளர்ந்த குவார்ட்ஸ் படிகத்தின் முகம் ஒழுங்கானது. செல் சுவரை அது பெரிதாகச் சேதப்படுத்துவதில்லை. அதையே உடைத்தால், முறிந்த பரப்பில் சிலானால் என்ற அணுக்கூட்டங்கள் ஒழுங்கு கலைந்து நிற்கின்றன. இத்தாலியின் டுரின் நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றோடொன்று இறுகப் பிணையாமல் ஏறக்குறையத் தனித்து நிற்கும் சிலானால்களே செல் சுவரைக் குலைக்கத் தொடங்குகின்றன என்று காட்டினார்கள். புதிதாக உடைத்த கல்லின் தூள் பழைய தூளைவிடக் கொடியது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. கிரஷரில் ஜல்லி உடைப்பவர், எம்-சாண்ட் அரைப்பவர், கிணறு வெட்டப் பாறையில் துளை போடுபவர், கிரானைட் அறுப்பவர் எல்லோரும் மூச்சில் இழுப்பது அந்த நொடியில் பிறந்த தூளை.

எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து? அமெரிக்கா 2016இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். உடலுழைப்பவர் ஒரு ஷிப்டில் சுமார் 10 கனமீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக, ஒரு நாள் முழுவதற்கும் அரை மில்லிகிராம். சமையலறைத் தூள் உப்பில் பத்துப் பரலுக்கும் குறைவான எடை அது. அறையை அடைத்துக் கிளம்பும் அந்த வெள்ளை மேகத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

இந்த நோயின் கொடுமை அதன் பொறுமையில் இருக்கிறது. தூசி மிக அதிகமாக இருந்தால் சில மாதங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். சாதாரணமாக நோய் தெரியப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். வேலையை விட்டுவிட்டாலும் உள்ளே கிடக்கும் கல் வேலையை விடுவதில்லை. தழும்பு பிறகும் வளரும். தழும்பை அழிக்க இன்றுவரை மருந்தில்லை. முதலில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும். பிறகு சமதரையில் நடக்கும்போதும் வாங்கும். கடைசியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிக்க வேண்டிவரும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பாதியில் சிறு உருண்டைப் புள்ளிகள் தெரியும். காசநோயும் மேல்பாதியைத்தான் முதலில் பிடிக்கும். இருமல், எடை குறைவு, மேல்பகுதியில் புள்ளி என்றதும் டி.பி. மாத்திரை எழுதப்படுகிறது. ஆறு மாதம் சாப்பிட்டும் மூச்சு திரும்பாமல் அலைபவர்கள் உண்டு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேக்ரோபேஜ்கள் நொடிந்துபோன நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் இந்த நோயின் கதை தங்கத்திலிருந்து தொடங்குகிறது. கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் நவீனச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்கள், அங்கே போய் லைன் வீடுகளில் குடியேறின. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே தங்கவயலில் மின்சாரம் ஓடியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியது. வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் 1965இல் முதன்முதலாக உணரப்பட்ட இடங்களில் அந்தச் சுரங்கமும் ஒன்று. இயற்பியல் வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு.

அந்த ஆழத்துக்கு வழி வெட்டியவர்களின் நுரையீரலுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். கோலாரில் தங்கம் குவார்ட்ஸ் பாறை நரம்புகளுக்குள் ஒளிந்திருந்தது. தங்கத்தை எடுக்க வேண்டுமானால் குவார்ட்ஸை உடைத்தே தீர வேண்டும். சுரங்கத்தின் கடைசிப் பத்தாண்டுகளில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்த தங்கம் 5 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. அப்படியானால் ஒரு பவுனுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் பாறையைத் துளைத்து, வெடித்து, மாவாக அரைக்க வேண்டும். 1940களில் அங்கே 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பதைக் கண்டார்கள். இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் கணக்கு இது. மூச்சு முட்டி ஊர் திரும்பியவர்கள் இதில் வரமாட்டார்கள்.

ஆழம் இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்தால் அந்த வெப்பத்தில் காற்று ஈரமாகி, வியர்வை உலராமல், உடம்பு தணிய வழியில்லாமல் போகும். குளிர்காற்றைக் கீழே அனுப்ப ஆலைகளே கட்ட வேண்டியிருந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. வேலை இழந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். கடைசி நாள் வரை கீழே இறங்கியவர்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இழுத்த குவார்ட்ஸும் அவர்களோடு இருக்கிறது.

இவ்வளவுக்கும், தப்பிக்கும் வழி 1890களிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் ஜார்ஜ் லெய்னர் துளைக்கம்பியின் நடுவே ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தண்ணீரைத் துளையின் நுனிக்கே அனுப்பும் டிரில்லை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த காய்ந்த டிரில்லுக்குச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் ‘விதவையாக்கி’. அப்படியும், 1930இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மின்திட்டத்துக்குச் சுரங்கப்பாதை குடைந்தபோது, வேகத்துக்காகக் காய்ந்த டிரில்லையே ஓட்டினார்கள். கிட்டத்தட்ட வெறும் சிலிக்காவாக இருந்த பாறை. உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர்கள். ஓராண்டு, ஈராண்டுக்குள் சாகத் தொடங்கினார்கள். பிற்கால ஆய்வொன்று இறந்தவர்கள் 700க்கும் மேல் என்று கணக்கிட்டது.

தண்ணீர் ஏன் நுனிக்கே போக வேண்டும்? மேலே கிளம்பிய பிறகு ஹோஸ் பைப்பால் அடித்தால் போதாதா? போதாது. பெரிய தண்ணீர்த் துளி விழும்போது அதைச் சுற்றி விலகும் காற்று, ஒரு மைக்ரான் துகளையும் தன்னோடு விலக்கிக் கொண்டுபோய்விடும். துளியும் துகளும் சந்திப்பதேயில்லை. பிளேடு கல்லைத் தொடும் அந்தப் புள்ளியிலேயே ஈரம் இருந்தால் தூள் காற்றில் ஏறுவதற்கு முன்பே சேறாகிவிடும். இப்படிச் செய்தால் பத்தில் ஒன்பது பங்கு தூசி பறக்காது.

வீட்டு வேலையில் ஏன் யாரும் தண்ணீர் விடுவதில்லை என்றால், அறுப்பவரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சாதாரண மெஷினில் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும். சேறு வழிந்து பென்சில் கோட்டை மறைத்துவிடும். சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் கூடுதலாகும். அதற்குக் கூலி கிடையாது. தண்ணீர்க் குழாயோடு வரும் மெஷின் இருக்கிறது. கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது. பிளேடின் மேல் மூடி வைத்துத் தூசியை உறிஞ்சும் கருவியும் இருக்கிறது. வாங்கித் தர வேண்டியவர் வேலை கொடுப்பவர். துண்டு இதற்கு ஈடாகாது. துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு மைக்ரான் துகள் தாராளமாக நுழையும். என்95 முகமூடி தடுக்கும், ஆனால் முகத்தோடு இறுகப் படிந்திருந்தால்தான். நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கல் அறுக்கச் சொல்பவர் ஒரு மணி நேரம் கட்டிப் பார்க்கட்டும். மற்ற எல்லாம் செய்த பிறகு கடைசித் துணையாகத்தான் முகமூடி.

இது சுரங்கத்தோடு முடிந்த கதையுமல்ல. சிலேட்டில் எழுதும் பலப்பம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் மின்ரம்பத்தால் அறுக்கப்பட்டது. அங்கே தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனம் சோதித்த தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலில் முடிச்சுகள். பல பேர் சிறு வயதிலேயே ரம்பத்தின் முன் உட்கார்ந்தவர்கள். இப்போது நகரங்களில் சமையல் மேடைக்குப் புதிதாக வந்திருப்பது குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல். கல் தூளைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்வது. கிரானைட்டில் குவார்ட்ஸ் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். இந்தப் பலகைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா இருக்கக்கூடும். முப்பது வயதுக்காரர்கள் மூச்சுத் திணறி வரத் தொடங்கியதைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதைத் தயாரிப்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்தது. உலகில் முதல் தடை அது. வீட்டு மேடையின் பளபளப்புக்கு ஒருவர் நுரையீரலைக் கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் பளபளப்பு வேண்டாம் என்பதே என் கருத்து.

புகைப் பழக்கம் உள்ள கல் தொழிலாளிக்கு இன்னொரு கேடு. பீடி, சிகரெட் புகை மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை முடக்கிப்போடுகிறது. மேலே தள்ளப்பட வேண்டிய தூசியும் உள்ளேயே தங்கிவிடும். சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே உறுதி செய்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில்நோய்கள் பற்றிய தன் நூலை 1700இல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்பதையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். நெரிசலான அரசு மருத்துவமனை வரிசையில் அந்தக் கேள்விக்கு இன்று நேரம் கிடைப்பதில்லை. அதனால் மருத்துவர் கேட்கக் காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ குவாரி, கிரஷர், கல் அறுப்பு, சிற்பப் பட்டறை, வார்ப்பு ஆலை, சுரங்கம் என்று எங்கேயாவது வேலை பார்த்தவர் இருந்தால், அவருக்கு விடாத இருமலும் மூச்சு வாங்கலும் இருந்தால், கூடவே போங்கள். எத்தனை ஆண்டு வேலை, என்ன கல், காய்ந்து அறுத்தாரா ஈரத்தில் அறுத்தாரா என்பதை எக்ஸ்ரேயோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சளிப் பரிசோதனையையும் விடாதீர்கள். வேலையை விட்டு இருபது ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். சிலிக்கோசிஸ் என்று உறுதியானால், அது சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் கல் அறுக்க ஆள் வரும் நாளில், தண்ணீர் விடும் மெஷின் கொண்டுவருமாறு கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்கு ஆகும் கூடுதல் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.